நாள் முழுக்க ஆன்லைனில் பயிற்சி நடத்துபவர் ஓய்ந்து போகாமல் இருக்க என்ன வழி?

பாலக்கோட்டில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வீட்டில் இருந்தபடியே டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்), ஜிஎஸ்டி கணக்கு வகுப்புகளை ஆன்லைனில் எடுக்கிறார். காலை 10, பகல் 12, மாலை 4, இரவு 7 என்று ஒரு நாளைக்கு நான்கு பேட்ச், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். முதல் இரண்டும் ஒரு பயிற்சி நிறுவனம் கொடுப்பவை, பின் இரண்டும் சொந்த முயற்சியில் பிடித்தவை. ஓசூர் கம்பெனி ஊழியர்கள், தர்மபுரி, காரிமங்கலம் கடைகளில் கணக்கு எழுதும் பெண்கள், படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் என்று கலந்து வருகிறார்கள். யாரும் கேமராவைப் போடுவதில்லை. கேள்வி கேட்டால் பதில் வருவதில்லை. இரவு ஒன்பது மணிக்குத் தொண்டை கம்மிவிடுகிறது, குழந்தை எதையாவது கேட்டால் எரிந்து விழுகிறார். "வீட்டுல உட்கார்ந்து பேசறதுல என்ன களைப்பு?" என்று வீட்டில் கேட்கிறார்கள். விட்டுவிடலாமா, தாக்குப்பிடிக்க வழி இருக்கிறதா என்பது அவருடைய கேள்வி.

வழி இருக்கிறது. பல ஆண்டுகளாக இந்தப் பக்கத்து ஆசிரியர்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் கம்பெனி ஊழியர்களுக்கும் ஆன்லைனில் பயிற்சி கொடுத்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்களைக் களைப்பாக்குவது பேச்சு மட்டுமில்லை. பதிலே வராமல் பேசுவதுதான் ஆளைத் தின்கிறது. கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தம் வருமா என்று காது கொடுத்துக்கொண்டே இருப்பது மாதிரி. அதனால் ஓய்வு, தூக்கம், சுடுதண்ணீர் பற்றியெல்லாம் பேசுவதற்கு முன்னால் வகுப்பு எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அமைப்பு மாறாமல் ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தூங்கினாலும் திங்கட்கிழமை மதியத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிடுவீர்கள்.

முதலில் வீட்டில் கேட்பவர்களுக்கான பதில். 2021 பிப்ரவரியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன், வீடியோ அழைப்பு ஏன் இவ்வளவு களைப்பாக்குகிறது என்று ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்ன காரணங்கள் நான்கு. முகங்கள் மிக அருகில் வந்து நம்மையே உற்றுப் பார்க்கின்றன. நம் முகத்தையே மணிக்கணக்கில் நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கேமராவுக்குள் இருக்க வேண்டும் என்பதால் உடம்பு ஒரே இடத்தில் கட்டுண்டு கிடக்கிறது. நேரில் இயல்பாக நடக்கும் தலையாட்டலையும் முகக்குறிப்பையும் இங்கே முயற்சி செய்து கொடுக்கவும் வாங்கவும் வேண்டியிருக்கிறது. மூளைக்கு இது கூடுதல் வேலை.

உங்கள் வகுப்பில் எல்லாரும் கேமராவை அணைத்திருப்பதால் முதல் காரணம் இல்லை. ஆனால் மற்ற மூன்றும் இரட்டிப்பாகிவிடுகின்றன. திரையில் அசைகிற ஒரே முகம் உங்களுடையது. பள்ளிக்கூட வகுப்பறையில் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினால், மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் நெற்றியைச் சுருக்குவது தெரியும், நாம் வேகத்தைக் குறைப்போம். இங்கே அந்தக் குறிப்பு கிடைப்பதில்லை. அதனால் என்ன செய்கிறோம்? புரிந்திருக்காதோ என்று சந்தேகப்பட்டு ஒன்றையே மூன்று தரம் சொல்கிறோம். குரலை உயர்த்துகிறோம். கேள்வியையும் நாமே கேட்டுப் பதிலையும் நாமே சொல்கிறோம். ஒன்றரை மணி நேரம் இதைச் செய்தால் நேரில் மூன்று மணி நேரம் எடுத்த அசதி வரத்தான் செய்யும். களைப்பு உங்கள் கற்பனை இல்லை என்று வீட்டில் தைரியமாகச் சொல்லுங்கள்.

அடுத்தது, உங்களுக்கு வந்திருப்பது வெறும் அசதியா, அதைத் தாண்டிவிட்டதா என்று பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11-வது பதிப்பில், 2019-ல், பர்ன்அவுட் என்பதை விளக்கி எழுதியது. அதை நோய் என்று சொல்லவில்லை, சரியாகக் கையாளப்படாத வேலை அழுத்தத்தால் வருகிற நிலை என்று சொன்னது. மூன்று அடையாளங்கள் கொடுத்தது: சக்தியெல்லாம் வற்றிப் போவது, வேலை மேல் வெறுப்போ விலகலோ வருவது, செய்வது எதுவும் உருப்படியாக இல்லை என்று தோன்றுவது. முதலாவது எல்லாருக்கும் அவ்வப்போது வரும், தூங்கினால் போய்விடும். நான் கவனிக்கச் சொல்வது இரண்டாவதை. "இவங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாது" என்று மனசுக்குள் சொல்லத் தொடங்கிவிட்டீர்களா? வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்னால் லிங்கைத் திறக்கவே கை வராமல் இருக்கிறதா? யாராவது "இன்னைக்கு வகுப்பு இல்லையா மேடம்?" என்று கேட்டால் இல்லாமல் போய்விட்டால் நன்றாக இருக்குமே என்று இருக்கிறதா? நல்ல ஆசிரியருக்குப் பிள்ளைகள் மேல் கசப்பு வருவது குணக்கேடு ஆகாது. சக்திக்கு மேல் இறைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதற்கு அதுதான் முதல் எச்சரிக்கை. குழந்தையிடம் எரிந்து விழுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்கிறேன்.

சரி, வகுப்புக்குள் வருவோம். இங்கேதான் நிறையச் செய்ய முடியும்.

உங்கள் பாடத்தில் இருந்தே ஒரு உதாரணம் எடுக்கிறேன். ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் நடக்கும் விற்பனைக்கான வரி) எப்போது வரும், சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் (ஒரே மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனைக்கான மத்திய, மாநில வரிகள்) எப்போது வரும் என்ற பாடம். வழக்கமாக எப்படி நடக்கும்? ஸ்லைடைப் போட்டு இருபத்தைந்து நிமிடம் விளக்குவோம். "புரிஞ்சுதா?" என்போம். சத்தம் இருக்காது. யாரோ ஒருவர் சாட்டில் "எஸ் மேம்" என்று போடுவார். அதை நம்பவும் முடியாமல் நம்பாமலும் இருக்க முடியாமல் அடுத்ததுக்குப் போவோம்.

இதை இப்படி மாற்றிப் பாருங்கள். வகுப்பு தொடங்கியதும் விளக்கம் எதுவும் இல்லாமல் ஒரு கேள்வி: "ஓசூரில் ஒரு ஹார்டுவேர் கடை. அத்திப்பள்ளியில் இருந்து ஒரு லோடு பைப் வருகிறது, சேலத்தில் இருந்து ஒரு லோடு வருகிறது. எது பக்கம், எது தூரம்? எதுக்கு ஐஜிஎஸ்டி?" ஓசூர்க்காரர்களுக்கு அத்திப்பள்ளி கூப்பிடு தூரம், சேலம் நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனால் அத்திப்பள்ளி கர்நாடகத்தில் இருக்கிறது, அதனால் அங்கிருந்து வரும் சரக்குக்கு ஐஜிஎஸ்டி. சேலம் நம் மாநிலம், அதனால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி. பதிலைச் சொல்லிவிடாதீர்கள். அத்திப்பள்ளிக்கு 1, சேலத்துக்கு 2 என்று சாட்டில் எண்ணை மட்டும் போடச் சொல்லுங்கள். வாயைத் திறக்கக் கூச்சப்படுகிறவர்கள் ஒரு எண்ணை அழுத்தத் தயங்க மாட்டார்கள். பாதிப் பேர் தப்பாகப் போடுவார்கள். தப்பாகப் போட்டவர்களுக்குத்தான் காரணம் தெரிந்துகொள்ள ஆசை வரும், அதற்குப் பிறகு நீங்கள் எட்டு நிமிடம் விளக்கினால் போதும்.

அப்புறம் ஐந்து பில்களை வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள். பத்து நிமிடம் அவர்கள் டேலியில் என்ட்ரி போட வேண்டும். அந்தப் பத்து நிமிடமும் நீங்கள் மைக்கை மியூட் செய்துவிட்டு எழுந்து நில்லுங்கள். ஜன்னல் பக்கம் போங்கள், தண்ணீர் குடியுங்கள். "சத்தமே இல்லையே, மேடம் போய்ட்டாங்களோ" என்று நினைப்பார்களோ என்ற பயம் வேண்டாம், "10.35 வரை நீங்கள் செய்யுங்கள், நான் இங்கேதான் இருக்கிறேன்" என்று திரையில் எழுதி வைத்துவிட்டால் போதும். முடிந்ததும் ஒருவரைத் திரையைப் பகிரச் சொல்லி அவர் போட்ட என்ட்ரியை எல்லாரும் பார்க்கட்டும். இப்போது பேசுவது அவர், திருத்துவது மற்றவர்கள், நீங்கள் நடுவில் ஒரு வார்த்தை சேர்த்தால் போதும்.

இப்படி நடத்தினால் ஒன்றரை மணி நேரத்தில் உங்கள் குரல் பாதி நேரம்கூட ஓடாது. கற்பவர்களுக்கும் இதில்தான் பாடம் நிற்கிறது. டேலி மாதிரி கையால் செய்து பழக வேண்டிய வேலையை வாயால் சொல்லிக் கொடுத்துத் தீராது.

கேள்வி கேட்டபின் காத்திருப்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். ஜெர்மனி ஆய்வாளர்கள் 2014-ல் தொலைபேசி உரையாடல்களை வைத்துக் கண்டது: பதில் வர 1.2 விநாடி தாமதமானாலே எதிரில் இருப்பவர் அவ்வளவு அக்கறையில்லாதவர், கவனமில்லாதவர் என்று நமக்குத் தோன்ற ஆரம்பிக்கிறது. ஒரு விநாடிக்கே இப்படி. நம் பக்கத்தில் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலையோரத்தில் இருந்தோ, பென்னாகரத்துக்கு அப்பால் இருந்தோ ஒரு புள்ளி சிக்னலில் சேர்ந்திருப்பவருக்கு உங்கள் கேள்வி போய்ச் சேரவே நேரம் ஆகும். அவர் மியூட்டை எடுக்க வேண்டும், பக்கத்தில் அழும் குழந்தையை அடக்க வேண்டும், சொல்வது சரியா என்று யோசிக்க வேண்டும். பத்து விநாடி மனசுக்குள் எண்ணுங்கள். முதல் சில வகுப்புகளில் அந்தப் பத்து விநாடி யுகமாகத் தெரியும். பிறகு பதில் வரத் தொடங்கும். வராவிட்டாலும் அதை உங்கள் மேல் காட்டும் அலட்சியமாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள்.

கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாரும் போட்டே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். அமெரிக்காவில் 103 ஊழியர்களை நான்கு வாரம் கவனித்து 2021-ல் வெளியான ஆய்வில், கேமரா போட்டிருந்த நாட்களில் களைப்பு அதிகம் என்று தெரிந்தது. பெண்களுக்கும் வேலைக்குப் புதியவர்களுக்கும் இன்னும் அதிகம். ஒரே அறையில் அடுப்பும் படுக்கையும் இருக்கிற வீட்டில் இருந்து சேர்பவரை, கேமரா போடு என்றால் அடுத்த நாள் வரமாட்டார். டேட்டாவும் சீக்கிரம் தீரும். முதல் ஐந்து நிமிடம், பெயர் சொல்லி வணக்கம் வைக்கும் நேரத்துக்கு மட்டும், விருப்பம் இருப்பவர்கள் போடட்டும். அந்த ஐந்து நிமிடத்தில் நான்கு முகம் தெரிந்தால்கூட மீதி நேரம் யாரிடம் பேசுகிறோம் என்ற நினைவு இருக்கும். உங்கள் கேமராவுக்கும் இதே விதிதான்: திரையில் டேலி ஓடும்போது உங்கள் முகம் தேவையில்லை, அணைத்துவிடுங்கள். அணைக்க முடியாத வகுப்பாக இருந்தால் உங்கள் முகம் உங்களுக்குத் தெரியாதபடி மறைக்கும் வசதி ஜூமிலும் கூகுள் மீட்டிலும் இருக்கிறது. மற்றவர்களுக்கு நீங்கள் தெரிவீர்கள், உங்களுக்கு மட்டும் தெரியாது. சின்ன விஷயம்தான், ஆனால் அன்று சாயங்காலமே வித்தியாசம் தெரியும்.

ஓசூர் பேட்சில் உங்களுக்கு இன்னொரு பாரமும் இருக்கும். அந்தப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் நிறைய. தமிழ் புரியும், ஆனால் கணக்குச் சங்கதி சட்டென்று ஏறாது. நீங்களே ஒவ்வொன்றையும் சுற்றி வளைத்து எளிமையாக்கிச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அதை விட்டுவிட்டு, நன்றாகப் புரிந்துகொண்ட ஒருவரிடம் "இதை அப்படியே தெலுங்கில் சொல்லிடுங்க" என்று கேளுங்கள். இரண்டு நிமிடம் உங்கள் வாய்க்கு ஓய்வு. சொல்பவருக்குப் பாடம் மனப்பாடமாகிவிடும், கேட்பவருக்குத் தெளிவாகிவிடும்.

இனி தொண்டை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் ஆசிரியர்கள் இதைக் கடைசி வரை கவனிப்பதே இல்லை. லேப்டாப்பில் உள்ள மைக்கை நம்பிப் பேசினால், தூரத்தில் இருக்கிற ஆளைக் கூப்பிடும் குரலில்தான் பேசுவோம். இரண்டு காதையும் அடைக்கிற ஹெட்செட் போட்டாலும் ஆபத்து: நம் குரல் நமக்கே சரியாகக் கேட்காததால் தெரியாமலே குரலை உயர்த்துவோம். சுற்றிலும் இரைச்சல் இருந்தாலும் அப்படித்தான், அது மனித இயல்பு. அதனால் வாய்க்கு அருகில் மைக் வருகிற ஹெட்செட் வாங்குங்கள், மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்று ஓரமாக வையுங்கள், ஒரு காதைத் திறந்து விடுங்கள். மைக் அருகில் இருந்தால் ஃபேன் சத்தமும் அவ்வளவாக விழாது. சித்திரை வெயிலில் சத்தம் வருமே என்று ஃபேனை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்தி, வியர்க்க வியர்க்க வகுப்பெடுக்கிறவர்களை எனக்குத் தெரியும். அந்த வேதனை தேவையே இல்லை.

வகுப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு நிமிடம் உங்கள் குரலைப் போனில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். முடிவில் குரல் கரகரத்தோ மேலேறியோ இருந்தால், அந்த வகுப்பில் தேவைக்கு மேல் கத்தியிருக்கிறீர்கள் என்று பொருள். தொண்டையை அடிக்கடிச் செருமாதீர்கள், செருமும்போது குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. செருமத் தோன்றினால் ஒரு மிடறு தண்ணீரை விழுங்குங்கள். குரல் கட்டியிருக்கும்போது கிசுகிசுப்பாகப் பேசினால் ஓய்வு கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம், அதுவும் சிரமம்தான் கொடுக்கும். பேசாமல் இருப்பதுதான் ஓய்வு. மிளகுப் பால், ஆவி பிடிப்பதெல்லாம் இதமாக இருக்கும், செய்யுங்கள். ஆனால் கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். உங்கள் பிழைப்பே அந்தக் குரலில்தான் இருக்கிறது.

வகுப்புகளுக்கு நடுவில் உள்ள இடைவெளிக்கு வருகிறேன். 2021-ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 14 பேருக்கு மூளை அலைகளைப் பதிவு செய்யும் கருவியை மாட்டி ஒரு சோதனை செய்தது. ஒரு நாள் அரை மணி நேரக் கூட்டங்கள் நான்கை இடைவெளி இல்லாமல் நடத்தினார்கள். இன்னொரு நாள் நடுநடுவே பத்து நிமிடம் விட்டார்கள். இடைவெளி இல்லாத நாளில் அழுத்தம் கூட்டத்துக்குக் கூட்டம் ஏறிக்கொண்டே போனது. இடைவெளி விட்ட நாளில் அப்படிச் சேரவில்லை. சின்ன சோதனைதான், ஆனால் நம் அனுபவமும் அதைத்தான் சொல்கிறது. உங்கள் கணக்கில் 11.30-க்கு முடிந்து 12-க்குத் தொடங்குவதால் அரை மணி நேரம் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் இருக்கிறதா? 11.30-க்கு முடிந்ததும் "ஒரே ஒரு டவுட் மேடம்" என்று இரண்டு பேர் நிற்பார்கள். பிறகு வருகைப் பதிவு, ரெக்கார்டிங்கை ஏற்றுவது, அடுத்த பேட்ச்சுக்கு லிங்க் அனுப்புவது. 11.58-க்கு ஒரு வாய் தண்ணீர். அதனால் வகுப்பையே 75 நிமிடமாகக் குறையுங்கள். 11.15-க்கு முடியும், 11.30 வரை சந்தேகத்துக்கும் பதிவுக்கும். பிறகு திரை முன்னால் இருந்து எழுந்துவிட வேண்டும். அந்த அரை மணி நேரத்தில் போனும் கூடாது. போனைப் பார்த்தால் கண்ணுக்கும் மூளைக்கும் வகுப்பு இன்னும் முடியவில்லை என்றுதான் அர்த்தம். மாடிக்குப் போய்த் துணி எடுத்து மடித்தால்கூட அது ஓய்வு.

ஆன்லைன் வகுப்பில் ஆளை அரிக்கிற இன்னொன்று பயம். கரண்டு போய்விடுமோ, நெட் நின்றுவிடுமோ என்று மனசின் ஒரு மூலை ஓயாமல் காவல் காத்துக்கொண்டே இருக்கும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் முன்கூட்டியே நாளிதழில் வந்துவிடும், காலை 9 மணிக்கு நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். அந்த நாளில் காலை வகுப்பு வைக்க வேண்டாம். மற்ற நாட்களுக்கு ரவுட்டருக்கென்று விற்கிற சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கி வையுங்கள், சில மணி நேரம் தாங்கும். வேறு கம்பெனி சிம் ஒன்று போனில் இருக்கட்டும். இதைவிட முக்கியம், "லைன் கட்டானால் என்ன செய்ய வேண்டும்" என்று முதல் வகுப்பிலேயே எல்லாருக்கும் சொல்லிவிடுவது: பத்து நிமிடம் காத்திருங்கள், அதுவரை குரூப்பில் போட்டிருக்கும் பயிற்சி பில்லைப் போடுங்கள், அதற்கும் நான் வராவிட்டால் வகுப்பு நாளைக்கு. இவ்வளவுதான். முடிவு முன்கூட்டியே எடுத்தாயிற்று என்றால் காவல் காக்கிற மூலையும் ஓய்ந்துவிடும்.

ஒரு துணையாள் வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் படித்து முடித்த மாணவி ஒருவர் போதும். "மேடம் சத்தம் வரலீங்க", "லிங்க் ஓபன் ஆகலீங்க", "பாஸ்வேர்டு என்னங்க" என்ற அழைப்புகள் எல்லாம் அவர் போனுக்குப் போகட்டும். சாட்டில் வரும் கேள்விகளை அவர் சேர்த்து வைத்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை படித்துச் சொல்லட்டும். பாடம் சொல்வது, சாட் படிப்பது, ஆளை உள்ளே விடுவது, கடிகாரம் பார்ப்பது என்று நான்கையும் ஒருவரே செய்வதில்தான் அந்தத் தலைவலி தொடங்குகிறது. இலவசமாக உதவச் சொல்லாதீர்கள், பேட்ச்சுக்கு ஒரு தொகை கொடுங்கள். செலவு என்று தோன்றும். ஆனால் அந்தப் பெண் ஆறு மாதத்தில் ஆரம்பநிலைப் பாடத்தைத் தானே எடுக்கிற அளவுக்குத் தேறிவிடுவார். அப்போது உங்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் வகுப்பு நிற்காது.

வாட்ஸ்அப் சந்தேகங்களுக்கு நேரம் வையுங்கள். மாலை 6 முதல் 6.30 வரை, குரல் பதிவாக, குரூப்பிலேயே பதில். தனி எண்ணுக்கு வருவதையும் "குரூப்ல போடுங்க, எல்லாருக்கும் பயன்படும்" என்று திருப்பி அனுப்புங்கள். இரவு பதினொரு மணிக்கு ஒருவருக்குப் பதில் சொல்லிவிட்டால், அன்றிலிருந்து அதுதான் உங்கள் வேலை நேரம் என்று பத்துப் பேர் நினைத்துக்கொள்வார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, பழக்கிவிடுவது நாம்தான்.

நாட்காட்டியையும் பாருங்கள். உங்கள் மாணவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே கணக்கு எழுதுகிறவர்கள். மாதாமாதம் ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்கிற கடைகளுக்கு, விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்குக் கடைசி நாள் 11-ஆம் தேதி, வரியைக் கட்டும் 3பி படிவத்துக்குக் கடைசி நாள் 20-ஆம் தேதி. 10, 11, 19, 20 தேதிகளில் வகுப்பு வைத்தால் ஆள் வரமாட்டார்கள், வந்தவர்களும் மனசை வேறெங்கோ வைத்திருப்பார்கள். காலி வகுப்பில் பேசுகிற களைப்புதான் பெரிய களைப்பு. அந்த நான்கு நாட்களை விடுமுறையாக அறிவித்துவிடுங்கள், மாதத்துக்கு நான்கு நாள் ஓய்வு முறையாகவே கிடைத்துவிடும். அதே மாதிரி மே கடைசியில் இருந்து ஜூலை வரை கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கத்து மாங்கூழ் ஆலைகளில் கணக்குப் பார்ப்பவர்கள் தலை நிமிர நேரமில்லாமல் இருப்பார்கள். அந்த இரண்டு மாதமும் புதிய பேட்ச் பிடிக்க அலைய வேண்டாம். இருக்கிற பாடத்தைச் சின்னச் சின்ன வீடியோக்களாகப் பதிவு செய்து வைக்க அதுதான் நல்ல நேரம். அடிப்படை விளக்கம் ஒருமுறை பதிவாகிவிட்டால் அதையே நாளுக்கு நான்கு தரம் சொல்ல வேண்டியதில்லை. "வகுப்புக்கு முன் இதைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டு, நேரடி நேரத்தை முழுக்கச் செய்முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதில் முழுமையாகாது. பர்ன்அவுட்டைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் பல காரணங்களைச் சொல்கிறார், வேலைப் பளு அவற்றில் ஒன்று மட்டுமே. நம் வேலையில் நமக்குச் சொல்லதிகாரம் இருக்கிறதா, உழைப்புக்குத் தக்க கூலியும் மதிப்பும் கிடைக்கிறதா, நியாயமாக நடத்தப்படுகிறோமா, பக்கத்தில் துணைக்கு மனிதர்கள் இருக்கிறார்களா, நாம் மதிக்கிற விஷயங்களோடு வேலை ஒத்துப்போகிறதா என்பவையும் காரணங்கள்தான். ஒன்றரை மணி நேர வகுப்புக்குப் பின்னால் தயாரிப்பு, திருத்தம், சந்தேகம், பதிவு என்று இன்னும் ஒரு மணி நேரம் போகிறது. அதற்கு யார் கூலி கொடுக்கிறார்கள்? வகுப்பு நேரத்துக்கு மட்டும் கணக்குப் போட்டால் நல்ல வருமானமாகத் தெரியும். முழு நேரத்தால் வகுத்துப் பாருங்கள். நீங்கள் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவர், இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்தால் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

அந்த நிறுவனத்திடம் பேசுவதற்குத் தயக்கமாக இருந்தால் இப்படி ஒரு செய்தி அனுப்பலாம்: "வணக்கம் சார். 10 மணி, 12 மணி பேட்ச் இரண்டிலும் ஒரே பாடம்தான் போகிறது. அடுத்த மாதத்தில் இருந்து இரண்டையும் சேர்த்து ஒரே பேட்ச்சாக 75 நிமிடம் எடுக்கிறேன். உதவிக்கு ஒருவரை வைத்துக்கொள்கிறேன், அதனால் ஆள் கூடினாலும் கவனிப்பு குறையாது. சேர்ந்த பேட்ச்சுக்கான தொகையைப் பற்றி இந்த வாரம் பேசலாமா?" இதில் களைப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, கவனித்தீர்களா? களைப்பாக இருக்கிறது என்றால் ஆறுதல் சொல்வார்கள். திட்டத்தோடு போனால் பதில் சொல்வார்கள்.

உங்களை மாதிரியே வகுப்பெடுக்கிற நான்கைந்து பேரோடு தொடர்பு வைத்துக்கொள்வதும் நல்லது. அறையைச் சாத்திக்கொண்டு தனியாகப் பேசுகிற தொழில் இது. பள்ளியில் இடைவேளையில் டீ குடித்துக்கொண்டே "அந்தப் பையன் இன்னைக்கு என்ன செஞ்சான் தெரியுமா" என்று பேசினால் பாதி பாரம் இறங்கிவிடும். அந்த டீ இடைவேளை நமக்கு இல்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ நேரில் உட்காருங்கள். திரை வேண்டாம்.

இவ்வளவு மாற்றியும் ஒரு மாதத்தில் மனசு தேறவில்லை என்றால், தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், வகுப்பு இல்லாத நாளிலும் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், அது வேலைக் களைப்பைத் தாண்டிவிட்டது. தயங்காமல் உதவி கேளுங்கள். மத்திய அரசின் மனநல உதவி அழைப்பு மையமான டெலிமானஸ் எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். வாழ்வதே வீண் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம், அன்றே கூப்பிடுங்கள்.

கடைசியாக, விட்டுவிடலாமா என்று கேட்டதற்கு. முழுக்க விட வேண்டாம். நீங்கள் எழுதியதைப் படித்தால் பாடத்தின் மேல் வெறுப்பு தெரியவில்லை, அது நடக்கிற விதத்தின் மேல்தான் தெரிகிறது. நிறுவனம் பேட்ச்சைச் சேர்க்க ஒத்துக்கொண்டால் மூன்று பேட்ச்சாக நடத்துங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் 12 மணி பேட்ச்சை விடுங்கள். 4 மணியையும் 7 மணியையும் விட்டுவிட வேண்டாம், அவை உங்கள் சொந்தப் பெயரில் நடப்பவை, அவற்றின் நேரத்தையும் தொகையையும் நீங்களே தீர்மானிக்கலாம். 12 மணி பேட்ச் போனால் 11.30-ல் இருந்து 4 மணி வரை உங்கள் குரலுக்கு ஓய்வு, மத்தியானச் சோறு சூடாகச் சாப்பிடலாம், பள்ளி விட்டு வருகிற குழந்தையோடு கொஞ்ச நேரம் இருக்கலாம். அந்த பேட்ச்சில் இப்போது போகிற பாடத்தை மட்டும் முடித்துக் கொடுத்துவிடுங்கள், பாதியில் விட்டீர்கள் என்ற பேச்சு வராது. புதிய சேர்க்கையை இந்த வாரமே நிறுத்தச் சொல்லுங்கள்.